வில்லன் எதை ஜெயித்தான்?

என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி, இரண்டும் தமிழ் சினிமா வில்லன்களைப் பற்றி. ரகுவரன், பிரகாஷ்ராஜ், விஜய் சேதுபதி மூவரில் யார் பெரிய வில்லன் என்பது ஒன்று. இப்போது வரும் ஆக்‌ஷன் படங்களில் பெரிய பெரிய நடிகர்களைக் கூட்டிவந்து, அவ்வளவு பில்டப் கொடுத்தும், வில்லன் ஏன் தியேட்டர் வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துபோகிறான் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள், விடிய விடிய அடித்துக்கொண்டாலும் தீராது. இரண்டாவதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டால் முதலாவதும் பாதி தெளிந்துவிடும் என்பதால் தலைகீழாகவே போகிறேன்.

என் கட்சி ரொம்ப எளிமையானது. வில்லனை நடிகரை வைத்து அளக்காமல், படத்துக்குள் அவன் எதை ஜெயித்தான் என்று பாருங்கள். ஹீரோவிடமிருந்து எதையாவது பிடுங்கியிருக்க வேண்டும், பிடுங்கியது திரும்பக் கிடைக்கவே கூடாது. க்ளைமாக்ஸில் அவனைக் கண்டதுண்டமாக வெட்டிப் போட்டாலும் அந்த நஷ்டம் நஷ்டமாகவே நிற்க வேண்டும். இதைச் செய்தவன் ஒல்லியோ குண்டோ, ஐந்து நிமிடம் வந்தாலும் நிற்பான். செய்யாதவன் சிக்ஸ் பேக்கோடு ஹெலிகாப்டரில் வந்து இறங்கினாலும் அடியாட்களில் கொஞ்சம் சம்பளம் கூடின ஆள், அவ்வளவுதான்.

'மாஸ்டர்' (2021) படத்தைப் பாருங்கள். விஜய் சேதுபதி செய்த வில்லன் பவானிக்கு முதலிலேயே ஒரு முன்கதை வைத்துவிடுகிறார்கள், சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் அடி வாங்கி அடி வாங்கி இறுகிப் போனவன், கையால் குத்தியே ஆளைக் கொல்பவன். உண்மையைச் சொன்னால் அந்தக் குத்தைப் பார்த்து எனக்குப் பெரிதாகப் பயம் வரவில்லை, குத்துகிற வில்லன்களை நிறையப் பார்த்தாயிற்று. வயிற்றைப் பிசைந்தது அதே பள்ளியின் இரண்டு பையன்கள் தொங்கும் இடம். அவர்கள் உதவிக்குத் தவித்த நேரத்தில் ஹீரோ குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடக்கிறார், விடிந்தால் பையன்கள் உயிரோடு இல்லை. அதற்கப்புறம் ஹீரோ ஜேடி எத்தனை பேரைப் புரட்டி எடுத்தாலும் அவர்கள் எழுந்து வரப் போவதில்லை, அதில் தனக்கும் பங்கு உண்டு என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஒரு பெரிய ஸ்டாரின் படத்துக்குள் புகுந்து ஸ்டாரையே குற்றவாளியாக்கிவிட்டுப் போகிறான் பாருங்கள், அதைத்தான் ஜெயிப்பது என்கிறேன்.

'துப்பாக்கி'யும் (2012) இதே கணக்குதான். பன்னிரண்டு ஸ்லீப்பர் செல் ஆட்களை, அதாவது உத்தரவு வரும்வரை ஊருக்குள் பதுங்கியிருக்கும் தீவிரவாதிகளை, பன்னிரண்டு ராணுவத்தினர் ஒரே நேரத்தில் சுட்டுத் தள்ளும் காட்சியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். பேச வேண்டிய காட்சிதான், விசில் பறந்தது. ஆனால் படம் அங்கேயே முடிந்திருந்தால் அது ஒரு நல்ல வீரசாகசம், அவ்வளவே. இதைச் செய்தது ராணுவக்காரர்களாகத்தான் இருக்கும் என்று வில்லனாக வரும் வித்யுத் ஜம்வால் துப்பறிந்து, அவர்கள் குடும்பங்களைக் குறிவைக்கிறாரே, அங்கேதான் கதைக்கு உயிர் வருகிறது. ஹீரோவின் மூளைக்கு வில்லனின் மூளை பதில் சொல்கிறது. அந்தப் பதில் வந்த பிறகுதான் முதலில் பார்த்த பன்னிரண்டு தோட்டாக்களுக்கே விலை என்னவென்று நமக்கு உறைக்கிறது.

'தனி ஒருவன்' (2015) இதில் இன்னும் ஒரு படி மேலே. ஹீரோ குண்டடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும்போது அவன் உடம்புக்குள்ளேயே ஒட்டுக்கேட்கும் கருவியை வைத்துவிடுகிறான் அரவிந்த் சாமி செய்த வில்லன் சித்தார்த் அபிமன்யு. ஹீரோ யோசித்து யோசித்துப் போடுகிற திட்டமெல்லாம் போடும்போதே எதிராளியின் காதில் விழுகிறது. அரவிந்த் சாமி இந்தப் படத்தில் யாரையும் ஓடி ஓடி அடிப்பதில்லை, கத்துவதில்லை, நல்ல சட்டை போட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார். அத்தனை பேர் சேர்ந்து திட்டம் போட்டும் நகர்த்த முடியாத ஆள் என்ற எண்ணத்தை அந்தச் சிரிப்பே கொடுத்துவிடுகிறது. பழைய காதல் படங்களின் அழகான பையன் முகம் என்பது வேறு அதற்கு வசதியாகப் போயிற்று.

சரி, இப்போது மறுபக்கம். இன்றைய பெரிய பட்ஜெட் படங்களில் பாதிக்கு மேல் எப்படி இருக்கின்றன? வில்லனுக்கு இன்ட்ரோ உண்டு, ஸ்லோ மோஷன் உண்டு, காது கிழியும் பிஜிஎம் உண்டு, அவன் எவ்வளவு பயங்கரமானவன் என்று நாலு பேர் நடுங்கிக்கொண்டே வர்ணிப்பார்கள், அவனே தன் ஆட்களில் ஒருவனைக் காரணமே இல்லாமல் சுட்டுக் காட்டுவான். சொந்த ஆளைச் சுடுகிற வில்லனைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது, அவன் பயங்கரமானவன் என்று காட்ட எழுதியவருக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை என்று அர்த்தம். அதற்கப்புறம் ஹீரோவை அவன் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் தோற்கிறான். முதல் சந்திப்பில் பஞ்ச் டயலாக்கில் தோற்கிறான், இடைவேளையில் சரக்கைப் பறிகொடுக்கிறான், அப்புறம் தம்பியைப் பறிகொடுக்கிறான், கடைசியில் உயிரை. இரண்டரை மணி நேரமாகத் தோற்றுக்கொண்டே இருப்பவனைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? பரிதாபம்தான் வரும்.

ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்றால் ஹீரோ தோற்பதை ரசிகர்கள் தாங்க மாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரமே கிடையாது என்பதற்கு 'பாட்ஷா' (1995) ஒன்று போதும். ரஜினியின் உச்சத்தில் வந்த படம். அதில் ரஜினியைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள். அடிப்பது ரகுவரன் செய்த பெரிய வில்லன் மார்க் ஆண்டனிகூட இல்லை, ஆனந்தராஜ் செய்த உள்ளூர் தாதா. தம்பிக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று ரஜினி செய்த மாணிக்கம் சிரித்துக்கொண்டே அடி வாங்குகிறார், சுற்றி நிற்கும் ஜனம் அழுகிறது, தியேட்டரும்தான். திருப்பி அடிக்கிற காட்சி அப்புறம் வருகிறது, தங்கை மேல் கை வைத்த பிறகு. அந்த ஒரு குத்துக்கு முப்பது வருடமாக விசில் அடித்துக்கொண்டிருக்கிறோம் என்றால், அந்தக் கம்பத்தில் கட்டி அடித்த அடியை எல்லாம் சேர்த்துவைத்து அடித்த குத்து அது. முன்கதையிலும் அதே கதைதான், நண்பன் அன்வரைப் பறிகொடுத்த பிறகுதான் மாணிக்கம் பாட்ஷா ஆகிறான். ரகுவரன் படத்தில் வரும் நேரம் கொஞ்சம்தான். ஆனால் ஹீரோவின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டவன் என்பதால் திரையில் இல்லாத நேரத்திலும் இருக்கிறான்.

இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) நினைவிருக்கும். எம்.ஜி.ஆர் சாட்டையைச் சுழற்றிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பாடுவது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாட்டை அதற்கு முன்னால் யார் கையில் இருந்தது? நம்பியார் கையில். எம்.ஜி.ஆரின் இரண்டு வேடங்களில் பயந்தாங்கொள்ளியான ராமுவை அவர் சாட்டையால் விளாசியிருப்பார். அதே சாட்டை கை மாறும்போதுதான் அந்தப் பாட்டு வெறும் பாட்டாக இல்லாமல் போகிறது. எம்.ஜி.ஆர் ரசிகர்களைவிடத் தலைவன் அடி வாங்குவதைத் தாங்க முடியாத ரசிகர்கள் தமிழ்நாட்டில் இருந்ததில்லை. அவர்களே தாங்கினார்கள், இன்றைக்கு உள்ளவர்கள் தாங்க மாட்டார்களா என்ன?

நம்பியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. நிஜத்தில் சைவ உணவு, குடி கிடையாது, பல பத்து வருடங்கள் சபரிமலைக்குக் குருசாமியாக ஆட்களை அழைத்துப் போனவர். அந்த மனிதர் திரையில் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தால் போதும், அடுத்து என்ன நடக்கப்போகிறதோ என்று இருக்கும். ஒவ்வொரு படத்திலும் கடைசியில் தோற்கப் போகிறார் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரியும். தெரிந்தும் பயந்தார்கள், ஏனென்றால் கடைசிப் பத்து நிமிடம் வரை ஆட்டம் அவர் கையில் இருக்கும். வாள்சண்டையும் தெரிந்தவர், 'சர்வாதிகாரி' (1951), 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) சண்டைகளைப் பாருங்கள், எம்.ஜி.ஆருக்குச் சமமாக நின்று வீசியிருப்பார். எதிராளி நன்றாக வீசினால்தானே ஹீரோவின் வீச்சுக்கு மதிப்பு.

இப்போது என் மனதுக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 'அமைதிப்படை' (1994). கோயிலில் சிதறு தேங்காய் பொறுக்கித் தின்றுகொண்டிருந்த அமாவாசையைப் பிடித்துத் தேர்தலில் நிற்க வைக்கிறார் மணிவண்ணன். வாக்கு எண்ணிக்கை நடக்கிறது. அமாவாசையாக வரும் சத்யராஜ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது, நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார், முதுகு வளைந்து, கை கட்டி, பக்கத்தில் இருக்கும் மணிவண்ணன் முன்னால் உட்காருவதே பெரிய மரியாதைக் குறைவு என்பது போல. முன்னிலை நிலவரம் வர வர உடம்பு கொஞ்சம் பின்னால் சாய்கிறது. இன்னொரு சுற்று, கட்டின கை அவிழ்கிறது. இன்னொரு சுற்று, முதுகு நாற்காலியில் படிகிறது. கடைசியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, குரலும் மாறி, எதிரில் இருப்பவரை அவர் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கிறது. அந்தக் காட்சியில் ஒரு அடி உதை கிடையாது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. ஒரு மனிதன் அமாவாசையாக உட்கார்ந்து நாகராஜசோழன் எம்.ஏ.வாக எழுந்திருப்பதை ஒரே நாற்காலியில் காட்டிவிட்டார்கள். தமிழ் சினிமாவில் வில்லன் பிறக்கும் காட்சிகளில் இதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை.

கவனித்துப் பார்த்தால் நம் ஊர்ப் படங்களில் நல்ல வில்லத்தனம் பெரும்பாலும் நாற்காலியைச் சுற்றித்தான் நடக்கிறது, யார் உட்காருகிறார்கள், யார் நிற்க வைக்கப்படுகிறார்கள் என்பதில். 'படையப்பா'வில் (1999) நீலாம்பரி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு வந்தவனுக்கு நாற்காலி போடாமல் விடுகிறாள். துண்டை வீசி ஊஞ்சலை இறக்கி உட்கார்ந்ததற்கு நாம் விசில் அடித்தோம், சரி. ஆனால் அந்த விசிலை ரஜினிக்குக் கொடுத்ததே அவள்தான், அவள் அவ்வளவு திமிராக உட்காராவிட்டால் ஊஞ்சல் வெறும் ஊஞ்சல். அவமானப்பட்டுப் பதினெட்டு வருடம் அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டவள், கடைசியில்கூட எதிரி போட்ட உயிர்ப்பிச்சையில் வாழ மாட்டேன் என்று தன்னையே முடித்துக்கொள்கிறாள். சண்டையே போடாமல் ஒரு சூப்பர் ஸ்டார் படத்தில் சமமாக நின்றவர் ரம்யா கிருஷ்ணன். அதற்குப் பிறகு 'திமிரு' (2006) ஈஸ்வரி, 'கொடி' (2016) ருத்ரா என்று விரல் விட்டு எண்ணலாம். பெண் வில்லி என்றால் ஒருதலைக் காதலில் தோற்றவள் என்ற ஒரே அச்சில் வார்த்துவிடுவதால் இந்தப் பக்கம் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

'முதல்வன்' (1999) பேட்டிக் காட்சியும் நாற்காலிதான். எதிரெதிரே இரண்டு நாற்காலி, நடுவில் கேள்விகள். கலவரத்தின்போது போலீஸ் கையைக் கட்டிப் போட்டது யார் என்பதற்கு ஆதாரத்தை டிவி நிருபரான ஹீரோ புகழேந்தி வெளியில் எடுக்கும்போது, முதல்வர் அரங்கநாதனாக வரும் ரகுவரன் முகத்தைப் பாருங்கள். கத்த மாட்டார். முதலில் ஒரு பெரிய மனுஷத் தோரணை, அப்புறம் ஒரு சின்ன எரிச்சல், அப்புறம் சிக்கிக்கொண்டோம் என்று தெரிந்து அதை மறைக்கும் ஒரு கோணல் சிரிப்பு, கடைசியில் அந்தச் சவால், ஒருநாள் நீ உட்கார்ந்து பார். மாட்டிக்கொண்ட மனிதன் தப்பிக்க எடுத்த வழி என்பது நமக்குப் புரிகிறது, அதனால்தான் ஒருநாள் முதல்வர் என்கிற நம்பவே முடியாத விஷயத்தை நம்பினோம். பின்னால் அதே ஆள் புகழேந்தியின் அப்பா அம்மாவை வீட்டோடு குண்டு வைத்துக் கொல்கிறான், அது திரும்பாத நஷ்டம். அதைவிடப் பெரிய ஜெயிப்பு ஒன்று இருக்கிறது. கடைசியில் ஹீரோ அவனை எப்படித் தீர்க்கிறார்? தன் கையில் தானே சுட்டுக்கொண்டு, துப்பாக்கியை அரங்கநாதனிடம் எறிந்து, காவலர்கள் அவனைச் சுடும்படி செய்கிறார். அதாவது நேர்மையான டிவி நிருபர் அரசியல்வாதியின் தந்திரத்தைக் கற்றுக்கொண்டுதான் ஜெயிக்க முடிகிறது. செத்தவன் ஹீரோவைத் தன்னைப் போல மாற்றிவிட்டுத்தான் செத்தான். 'தேவர் மகன்' (1992) முடிவும் இந்த வகைதான், வன்முறையை விட்டுவிடச் சொல்லி மன்றாடினவன் கையாலேயே பங்காளி மாயன் தலை விழுகிறது, நாசர் செய்த மாயன் அந்த வகையில் ஜெயித்துவிட்டுத்தான் போகிறான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும், நானே சொல்லிவிடுகிறேன். 'கில்லி' (2004) முத்துப்பாண்டி எதை ஜெயித்தான்? மதுரை நடுத்தெருவில் கழுத்தில் கத்தி வைத்து அவன் கண் முன்னாலேயே பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறார் ஹீரோ வேலு. அதற்குப் பிறகு படம் முழுக்கத் துரத்துகிறான், கோட்டை விடுகிறான், அவமானப்படுகிறான். என் கணக்குப்படி அவன் மறந்துபோயிருக்க வேண்டும். ஆனால் 2024-இல் படம் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது பிரகாஷ்ராஜ் ஒவ்வொரு முறை வாயைத் திறந்தபோதும் கூட்டம் சேர்ந்து பேசியது. யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இது. அவனுக்கு உண்மையாகவே ஒன்று வேண்டும், அந்தப் பெண்தான் வேண்டும், அதற்காகக் கொலையும் செய்வான், குழந்தை மாதிரி கெஞ்சவும் செய்வான். உலகத்தை ஆள வேண்டும், ஆயிரம் கோடி வேண்டும் என்கிற வில்லனுக்கு என்ன வேண்டும் என்பது நமக்கு ஒட்டவே ஒட்டாது. ஒரு பெண் 'செல்லம்' ஆகவில்லையே என்று உருகுகிறவனின் கிறுக்கு நமக்குத் தெரிந்த கிறுக்கு. 'மாநாடு' (2021) எஸ்.ஜே.சூர்யாவும் இந்த ரகம், ஒரே நாள் திரும்பத் திரும்ப நடக்க, திரும்பத் திரும்பத் தோற்று, அந்த எரிச்சலையே நடிப்பாக்கிவிட்டார். ஆக என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன், வில்லன் ஏதாவது ஜெயித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜெயிக்க வேண்டும் என்று அவன் தவிப்பதாவது நமக்குப் புரிய வேண்டும். இரண்டும் இல்லாதவனுக்கு எந்த நடிகரைப் போட்டாலும் வீண்.

குரலைப் பற்றி ரசிகர்கள் பேசுவதே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. வில்லனில் பாதி குரல். பி.எஸ்.வீரப்பாவின் சிரிப்பைக் கேட்டாலே ஆள் தெரிந்துவிடும், 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்தில் அவர் சொன்ன "சபாஷ், சரியான போட்டி" இன்னும் பேச்சு வழக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது, படத்தைப் பார்க்காதவர்கள்கூடச் சொல்கிறார்கள். ரகுவரன் குரலை மிமிக்ரி செய்யாத கலைஞர் இல்லை. 'கைதி' (2019) வந்தபோது அர்ஜுன் தாஸ் முகத்தைவிட அந்த அடிக்குரல்தான் முதலில் பேசப்பட்டது. இப்படி இருக்க, வெளியிலிருந்து ஒரு கட்டுமஸ்தான நடிகரைக் கூட்டிவந்து, அவர் உதடு ஒரு பக்கம் அசைய, எல்லாப் படத்திலும் கேட்கிற அதே கனமான டப்பிங் குரலை மேலே ஒட்டினால், பாதி வில்லன் அங்கேயே போயிற்று. இதைப் புரிந்துகொண்டு வழி கண்டவர்களும் இருக்கிறார்கள். 'ஏழாம் அறிவு' (2011) படத்தில் ஜானி ட்ரை நுயென் அதிகம் பேசவே மாட்டார், கண்ணாலேயே ஆட்களை ஆட்டிவைப்பார். 'ஜெயிலர்' (2023) விநாயகனை அந்த மலையாளம் கலந்த பேச்சோடு அப்படியே விட்டார்கள். ஒல்லி உடம்பு, ஆட்டம் போட்டுக்கொண்டு வருகிறார், எதிரே நிற்பது ரஜினி, இருந்தும் வர்மன் தனியாகத் தெரிந்தார்.

அப்புறம் சண்டைக் காட்சிகள். ஆக்‌ஷன் படத்தைப் பற்றிப் பேசும்போது ஹீரோ எப்படி அடித்தார் என்றுதான் வாதம் நடக்கிறது. உண்மையில் சண்டையை நமக்கு நம்ப வைப்பவர் அடி வாங்குகிற ஃபைட்டர். குத்து முகத்தில் படுவதில்லை, கேமரா கோணம் அந்த இடைவெளியை மறைக்கிறது, சத்தம் பிறகு சேர்க்கப்படுவது. மிச்சம் இருப்பது அடி வாங்குபவரின் கழுத்து திரும்பும் நேரமும் அவர் விழும் விதமும்தான். அரை நொடி முன்னால் திரும்பினால் காமெடி, அரை நொடி பிந்தினால் அதைவிடக் காமெடி. ரோப் கட்டி இழுத்து ஒருவரை இருபது அடி பறக்கவிட்டால் அவர் வாங்கிய அடியின் வலி நமக்குத் தெரியாது, பறந்ததுதான் தெரியும். அப்படி விழுந்து எழுந்தே வாழ்ந்தவர்களில் ஒருவர் மொட்டை ராஜேந்திரன், பல வருடம் ஸ்டண்ட் கலைஞர், 'நான் கடவுள்' (2009) படத்தில் பாலா அவரைத் தாண்டவனாக நிறுத்தியபோது படம் பார்த்தவர்கள் உறைந்துபோனார்கள். அதே மனிதரைப் பார்த்து இப்போது குழந்தைகள் சிரிக்கின்றன! பொன்னம்பலமும் ஸ்டண்டிலிருந்து வந்தவர்தான்.

இந்தத் தொழிலுக்கு மரியாதை வந்ததே ரொம்பத் தாமதம். சண்டை அமைப்புக்கு என்று தேசிய விருது கொடுக்க ஆரம்பித்ததே 2016-ஆம் வருடப் படங்களிலிருந்துதான், முதல் விருது 'புலிமுருகன்' மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெய்னுக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து 'கே.ஜி.எஃப்' முதல் பாகத்துக்காக அன்பறிவ் இரட்டையர் வாங்கினார்கள். ஆஸ்காரிலும் ஸ்டண்டுக்கு விருது 2028-இல் நடக்கும் நூறாவது விழாவிலிருந்துதான் என்று அறிவித்திருக்கிறார்கள். கதாநாயகனுக்காக எலும்பை உடைத்துக்கொண்டவர்கள் அதுவரை டைட்டிலில் ஓடும் பெயர்கள் மட்டும்தான்.

அன்பறிவ் என்றதும் 'கைதி'. அந்தப் படத்தின் சண்டைகளில் எனக்குப் பிடித்தது, யாரும் ஜெயிப்பதற்காகச் சண்டை போடவில்லை என்பது. பின்னால் லாரியில் மயங்கிய போலீஸ்காரர்கள் கிடக்கிறார்கள், விடிவதற்குள் லாரி போய்ச் சேர வேண்டும், ஹீரோ டில்லிக்குத் தன் மகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சண்டையும் லாரி மறுபடி நகர்வதற்காக. வில்லன் என்று ஒருவன் முன்னால் நிற்காமலேயே நேரம் என்கிற வில்லன் படம் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். 'அசுரன்' (2019) அதற்கு நேர் எதிர். சிவசாமி ஊர் முழுக்க வீடு வீடாகக் காலில் விழுந்து எழுந்தவர், மூத்த மகனைப் பறிகொடுத்தவர். இளையவனையும் வெட்ட வரும்போது அவர் கை ஓங்குகிறாரே, அந்தச் சண்டையில் புதுமையான அடி ஒன்றும் இல்லை. விழுந்த கால்கள் அத்தனையும் அதற்குப் பின்னால் இருக்கின்றன.

இன்னும் இரண்டு பஞ்சாயத்து பாக்கி. ஒன்று ரோலக்ஸ். 'விக்ரம்' (2022) கடைசியில் சூர்யா சில நிமிடம் வந்து போனதை வைத்துக்கொண்டு தமிழின் பெரிய வில்லன் என்று பட்டியல் போடுகிறார்கள். அது வில்லனின் டிரெய்லர், படம் இன்னும் வரவில்லை. யாரையும் அவன் ஜெயிக்கவும் இல்லை, யாரிடமும் தோற்கவும் இல்லை, அவனுக்கு என்ன வேண்டும் என்பதுகூட நமக்குச் சரியாகத் தெரியாது. தியேட்டரில் நானும்தான் கத்தினேன், அது வேறு விஷயம்.

இன்னொன்று கொஞ்சம் கசப்பு. 'மாமன்னன்' (2023) ஓடிடியில் வந்த கையோடு, ஃபகத் ஃபாசில் செய்த ரத்னவேலுவை ஹீரோவாக்கி, சாதிப் பாட்டுகளைப் பின்னணியில் போட்டு வீடியோக்கள் சுற்றின. பந்தயத்தில் தோற்றதற்காகத் தன் நாயையே அடித்துக் கொல்கிறவன் அவன், சாதித் திமிரின் மொத்த உருவம். நடிகர் நன்றாக நடித்ததன் பலன் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள், எனக்கு ஒப்பவில்லை. நடிப்பு நன்றாக இருந்தது உண்மை, ஆனால் அந்தப் பாத்திரத்தைப் படத்திலிருந்து வெட்டி எடுத்து, நடப்பதை ஸ்லோ மோஷனாக்கி, பிஜிஎம் ஏற்றினால் யாரும் மாஸ் ஆகிவிடுவார்கள், அவன் செய்ததெல்லாம் வெட்டுப்பட்டுப் போகும். வில்லனை ரசிப்பது வேறு, அவன் கட்சியில் சேருவது வேறு. மார்க் ஆண்டனியை முப்பது வருடமாக ரசிக்கிறோம், யாரும் அவன் கட்சியில் சேரவில்லையே.

இதனால்தான் ஹீரோக்கள் வில்லனாக வருவதில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது. முன்பு வில்லனாக வந்து ஹீரோ ஆனார்கள், 'மூன்று முடிச்சு' (1976), '16 வயதினிலே' (1977) ரஜினி அப்படித்தான், 'நூறாவது நாள்' (1984), 'காக்கிச் சட்டை' (1985) சத்யராஜும் அப்படித்தான். அவர்களுக்குக் காப்பாற்றிக்கொள்ள இமேஜ் கிடையாது, அசிங்கமாக இருக்கப் பயப்படவில்லை. இப்போது எதிர்த்திசைப் பயணம், ஹீரோவாக ரசிகர் கூட்டம் சேர்த்துக்கொண்டு வில்லனாக வருகிறார்கள், வரும்போதே அந்தக் கூட்டத்துக்கும் ஒரு இன்ட்ரோ வைக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் அந்த ஆளைக் கீழ்த்தரமான எதையும் செய்யவிடத் தயக்கம், செய்தாலும் ஸ்டைலாகச் செய்ய வேண்டும். 'தனி ஒருவன்' தப்பித்தது அரவிந்த் சாமி அப்போது யாருடைய ரசிகர் மன்றத்தையும் திருப்திப்படுத்த வேண்டிய இடத்தில் இல்லாததால்கூட இருக்கலாம்.

இப்போது முதல் கேள்வி. மூவரில் யார்? ஆக்‌ஷன் படத்துக்கு வில்லன் வேண்டும் என்றால் ரகுவரன். ஹீரோவைத் தொடாமலேயே அவருக்கு மூச்சு முட்ட வைப்பவர், அதோடு ஹீரோ ஜெயித்த பிறகும் ஏதோ ஒன்றைத் தோற்றுவிட்ட மாதிரியே இருக்கும். பிரகாஷ்ராஜ் தோற்பதில் மன்னர், அவர் தோற்கத் தோற்கப் படம் சூடு பிடிக்கும், வணிகப் படத்துக்கு அதைவிடப் பாதுகாப்பான முதலீடு இல்லை. விஜய் சேதுபதியிடம் எந்த நேரம் சிரிப்பார், எந்த நேரம் அடிப்பார் என்று தெரியாத ஒரு சோம்பல் இருக்கிறது, பவானியில் அது முழுதாக வெளிப்பட்டது, அதே சோம்பலை அடுத்தடுத்த படங்களில் எதிர்பார்த்து எழுத ஆரம்பித்ததுதான் சிக்கல். ஆனால் பெயர்ப் பட்டியலில் இல்லாத ஒருவருக்குத்தான் என் ஓட்டு, அந்த நாற்காலி நுனியில் கை கட்டி உட்கார்ந்திருந்த அமாவாசைக்கு.